மூக்கிலிருந்து மறுபடியும்

நான் வேலையை விட்டு நின்றதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் தெருக்காரர்களைக் கேட்டால், எனக்கும் முதலாளி கதிர்வேலுக்கும் சண்டை என்பார்கள். என் தங்கையைக் கேட்டால், மகள் வீட்டோடு போய்ச் சேரப்போகிறேன் என்பாள். பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மட்டும் நேரிலேயே கேட்டுவிட்டார்கள்: “இன்னும் ரெண்டு மூணு வருசம் இருந்திருக்கலாமுங்களே அக்கா? யாரும் போகச் சொல்லலையே?” யாரும் சொல்லவில்லைதான். கதிர் இன்னமும் போன் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டு இருக்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளாது என்பதால் எழுதிவிடுகிறேன். காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் பெரியண்ணன் அய்யாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்கு முன் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ரிமோட்டில் பறக்கிற ஹெலிகாப்டரைப் பறப்பதற்கு முன் சோதிப்பது, பறந்து வந்த பின் பழுது பார்ப்பது. ஹெலிகாப்டர் கம்பெனி என்றதும் எங்கள் தெருவில் கொஞ்ச நாள் எனக்கு ஏக மரியாதை. பிறகு ஓமலூரில் ஒரு கல்யாணத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், “அட, பொம்மை ஹெலிகாப்டரா!” என்று சிரித்தார்கள். இந்தப் பொம்மை என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் மெஷின் ஓர் ஆள் நீட்டிப் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். பெட்ரோல் இன்ஜின். மேலே சுற்றுகிற பிளேடு ஒவ்வொன்றும் என் கையை விட நீளம். வேகம் எடுத்துவிட்டால் பிளேடு இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை தோட்டத்தில் ஓட்டிப் பார்க்கும்போது வாழை மரத்தில் பட்டது. மரம் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டு அப்புறம்தான் இரண்டாகச் சாய்ந்தது. அந்த இடத்தில் ஒரு மனிதன் நின்றிருந்தால் என்று நினைத்துப் பார்த்தவர்கள் பொம்மை என்று சொல்ல மாட்டார்கள்.

மரவள்ளிக் காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் மருந்து அடிப்போம். ஆனால் எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பூத் தூவுகிற வேலைதான். கும்பாபிஷேகத்தில் கோபுரத்தின் மேல், கல்யாணத்தில் மணமக்கள் மேல். மெஷினின் வயிற்றுக்கு அடியில் ஒரு பெட்டி, அதில் உதிரிப் பூ; ரிமோட்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் பெட்டி திறந்துகொள்ளும். கேட்க அழகாக இருக்கும். யோசித்துப் பாருங்கள், எங்கே கூட்டம் அதிகமோ அங்கேதான் இந்தக் கத்தியைப் பறக்க விடுகிறோம்.

நான் முதலில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் இருந்தவள். கண்ணி கண்ணியாகக் கோத்துப் பற்றவைக்கிற வேலை. அமிலப் புகையில் நெஞ்சு கெட்டுப்போய், டாக்டர் இனி அது ஆகாது என்றுவிட்டார். அந்த நேரத்தில் கதிருக்குக் கடுகு மாதிரி ஸ்க்ரூக்களைக் கையாளத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. போய்ச் சேர்ந்தேன். முதல் வருஷம் கழுவியதும் துடைத்ததும்தான். கழற்றினதை எந்த வரிசையில் கழற்றினோமோ அந்த வரிசையில் துணியில் பரப்பிவைக்கப் பழகவே அவ்வளவு நாள் ஆயிற்று. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

பட்டறையில் சோதிக்கிற பொறுப்பு பெரியண்ணன் அய்யாவுடையது. கெங்கவல்லிக்காரர். ஆள் ஏறிப் போகிற நிஜ ஹெலிகாப்டர்களில் தரையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். உயரமான மனிதர், சிரிப்பு அபூர்வம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்களே, அதுபோல முதலாளி தயாராக இருந்தாலும் அய்யா வாயைத் திறக்காமல் இன்ஜின் ஓடாது. ரிமோட்டைப் பிடித்துப் பறக்க விடுவது கதிர்தான், அவருக்கு அதில் வருத்தமும் இல்லை. “அவரு சொன்னாத்தானுங்க எனக்குக் கையி நடுங்காம இருக்கும்,” என்பார்.

அய்யா சோதிப்பதைப் பார்க்க வேண்டும். மெஷின் மூக்குக்கு முன்னால் நின்று, கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடிவிடுவார். முதன்முதலில் நான் சாமி கும்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். மூக்கில் தொடங்கி வாலில் முடிகிற வரை கண்ணைத் திறக்க மாட்டார். எல்லாம் விரல்தான். பெட்ரோல் குழாயை நகத்தால் கிள்ளிக்கொண்டே போவார், வெடிப்பு இருந்தால் நகத்தில் தட்டும். இன்ஜினைப் பிடித்திருக்கிற போல்ட் ஒவ்வொன்றையும் தொடுவார். பெரிய பல்சக்கரத்தை முழுச் சுற்று மெல்லச் சுற்றுவார். அப்புறம் மேலே, பிளேடு. பிளேடின் அடியில் போல்ட் போகிற ஓட்டையைச் சுற்றிக் கட்டைவிரல் நகம் போகும். பிளேடை முறுக்கிப் பார்ப்பார். உள்ளே பேரிங்கில் ஒரு தூசி நெறுநெறுத்தாலும் அவர் புருவம் சுருங்கும். கோணத்தை மாற்றுகிற சின்னச் சின்ன மூட்டுகளைக் கிள்ளி ஆட்டிப் பார்ப்பார். கடைசியில் வால். வால் குழாயை ஒட்டி ஒரு மெல்லிய கம்பி போகும். வாலில் இருக்கிற சின்னக் காற்றாடியை இயக்குவது அதுதான். அது சிக்கிக்கொண்டால் மெஷின் பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கம்பியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, முன்னாலிருந்து பின்னால் வரை உருவிக்கொண்டே போவார்.

“கண்ணு நம்மள ஏமாத்தும் தனம்,” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். “நேத்துப் பாத்ததையே இன்னைக்கும் இருக்கிற மாதிரி காட்டிடும். விரலு பொய் சொல்லாது.”

நடுவில் யாரும் பேசக் கூடாது. யாராவது பேசிவிட்டால் திட்ட மாட்டார். கண்ணைத் திறந்து, பேசினவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூக்குக்குப் போய் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். எங்கே விட்டோம் என்று ஞாபகம் இருக்கிறது என்று நினைக்கிறவன்தான் ஒரு ஸ்க்ரூவை விடுவான் என்பது அவர் கணக்கு. கதிருக்குப் போன் வந்து மூன்று முறை மூக்குக்குத் திரும்பிய நாளும் உண்டு. எல்லாம் சரியென்றால் வாலின் மேல் உள்ளங்கையை வைத்து, “போயிட்டு வா சாமி,” என்பார். நம் பக்கம் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களிடம் சொல்வதையே மெஷினிடமும் சொல்வார். சரியில்லை என்றால், “இன்னைக்கு வேண்டாம்.” அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் சாப்பிட்ட பிறகு சொல்வார்.

எல்லா ஸ்க்ரூவிலும் தலைக்கும் உடம்புக்கும் சேர்த்துச் சிவப்பில் ஒரு கோடு இழுத்திருப்போம், ஸ்க்ரூ தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். அதற்கு நகப்பூச்சுதான் தோது. கடைக்காரம்மா நான் மாதா மாதம் சிவப்புப் பாட்டில் வாங்குவதையும் என் மொட்டை நகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது அவருக்கு.

அய்யாவுக்கு மெஷினை விடப் பெரிய எதிரி பக்தர்கள்தான். பூப்பெட்டியில் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்வார்கள். தேங்காய் வைக்கச் சொன்னவர்களும் உண்டு. ஓமலூர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் யாருக்கும் தெரியாமல் பூவுக்கு அடியில் மஞ்சள் கிழங்கைப் போட்டுவிட்டார். அய்யா பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது மேல இருந்து பொண்ணு தலையில விழுந்தா மஞ்சள் குளிச்ச மாதிரி இருக்காதுங்க, ரத்தம் குளிச்ச மாதிரி இருக்கும்,” என்றார். ஆயுத பூஜைக்கும் மெஷினின் மூக்கில் ஒரு பொட்டு மட்டும்தான். ஒரு வருஷம் கதிரின் அம்மா ஆசையாக ஒரு பிளேடுக்குச் சந்தனம் அப்பிவிட்டார். ஒரு பிளேடு கனத்தால் மெஷின் உதறும். அய்யா அந்தம்மாவிடம் கோபப்படாமல் ஈரத்துணியை எடுத்துத் தானே துடைத்தார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் ஒற்றைச் செருப்போடு பட்டறைக்குள் வந்தார். இன்னொன்று வாசலில் கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவில்லை. சித்திரை வெயிலில் கொதிக்கிற சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார். “அய்யா, செருப்பு,” என்றேன். குனிந்து பார்த்து, “அட,” என்றார். வயசாகிறது என்று விட்டுவிட்டேன்.

மழைக்காலம் வந்தபோது விஷயம் வெளியே வந்தது. இன்ஜினை ஓட்டி நிறுத்தியிருந்தோம். கதிர் ஏதோ வேலையாக வெளியே போயிருந்தார். சைலன்சர் போல்ட் தளர்ந்த சத்தம் கேட்டது என்று நான் சொன்னதும் அய்யா போய்ச் சைலன்சரைக் கையால் பிடித்தார். அப்போதுதான் நிறுத்திய இன்ஜின். அதில் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று போகும். நான் கத்த வாயெடுப்பதற்குள் தோல் கருகுகிற வாடை வந்துவிட்டது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. போல்ட்டை நிதானமாகத் தடவிக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். உள்ளங்கையைத் திருப்பி, வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

“சூடே தெரியலையே தனம்,” என்றார்.

தண்ணீர் ஊற்றி, துணி சுற்றி, ஸ்டூலில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். “காலுல ரொம்ப நாளா இருக்கு. கையில இப்பத்தான். சர்க்கரைதாம்மா, வேற ஒண்ணுமில்ல. விரல்ல பஞ்சு சுத்தி வச்ச மாதிரி இருக்கு.”

“அப்போ சோதிக்கிறப்ப...”

“தெரியும். பழகின கைதானே. பெரிசா இருந்தா தெரிஞ்சிடும்.” என் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. “கதிர்கிட்டச் சொல்லிடாதம்மா. இந்த வேலைய விட்டா ஊட்டுல உக்காந்து செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கணும்.”

அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் கேட்டதும் என்னால் மறுக்க முடியவில்லை. அடுத்த நாளிலிருந்து நான் எல்லாருக்கும் முன்னால் பட்டறைக்குப் போனேன். மூக்கில் தொடங்கி, கண்ணை மூடி, அவர் செய்கிற மாதிரியே வால் வரைக்கும் பார்த்து முடிப்பேன். பழுது இருந்தால் சரிசெய்துவிடுவேன். அப்புறம் அவர் வந்து அதே மெஷினைச் சோதித்து, “போயிட்டு வா சாமி,” என்பார். கதிருக்குத் தெரியாது. அய்யாவுக்கும் தெரியாது. கொலுசுப் பட்டறையில் கண்ணி அறுந்ததை யாரும் பார்ப்பதற்குள் பற்றவைத்துவிடுவோமே, அது மாதிரி நினைத்துக்கொண்டேன். அப்படியே ஒரு தை மாதம் வரைக்கும் ஓடிவிட்டது.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு ஊரில் மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம். புதுக் கோபுரம், சுற்றுப்பட்டு ஊரெல்லாம் திரண்டிருந்தது. கோயிலுக்குப் பக்கத்துக் களத்தில் எங்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். வழக்கம்போல நான் விடிந்ததும் போய் மெஷினை முழுசாகப் பார்த்து முடித்துவிட்டேன். ஒரு குறையும் இல்லை. பிறகு கூட்டம் களத்துக்குள் நுழையாமல் கயிறு கட்டப் போனேன். கயிறு கட்டினால் அதற்கு உள்ளே வந்து நிற்பதற்கென்றே சிலர் இருப்பார்கள், அவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் கமிட்டித் தலைவர் பூசாரியை அழைத்துக்கொண்டு மெஷினிடம் போயிருக்கிறார். சாமிக்குப் பூத் தூவுகிற வண்டிக்குக் காப்புக் கட்ட வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். யாகசாலையில் வைத்த மஞ்சள் நூல். அய்யா கைகால் கழுவப் போயிருந்தார், கதிரால் மறுக்க முடியவில்லை. பூசாரி மூக்கில் கட்ட இடம் பார்த்து, கிடைக்காமல், வால் குழாயைச் சுற்றிக் கட்டிவிட்டார். நூல் நழுவாமல் இருக்கட்டும் என்று பக்கத்தில் போகிற மெல்லிய கம்பியையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டிருக்கிறார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. குழந்தைக்குக் காப்புக் கட்டுகிற மாதிரிதான் கட்டியிருக்கிறார்.

நான் கயிற்றோரமாகத் திரும்பி வந்தபோது அய்யா கடைசிச் சோதனையில் இருந்தார். கண் மூடியிருந்தது. மேளம் உச்சத்தில் இருந்தது. கோபுரத்தின் மேல் குடங்களோடு ஆட்கள் ஏறி நின்று ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருடன் வந்து வட்டமிட்ட பிறகுதான் தீர்த்தம் ஊற்றுவார்கள். கருடன் விலகியதும் நாங்கள் மெஷினை எழுப்ப வேண்டும். எனக்கு முதலில் அந்த மஞ்சள் நூல்தான் கண்ணில் பட்டது. பிறகுதான் அது எதையெல்லாம் சேர்த்துக் கட்டியிருக்கிறது என்று பார்த்தேன். மெல்ல அசைத்தால் கம்பி அசையும். பறக்கும்போது முழுசாகத் திருப்பினால் மாட்டிக்கொள்ளும்.

இருந்தாலும் அய்யா கையில் படும் என்று ஒரு நம்பிக்கை. முடிச்சு கொத்தமல்லி விதை அளவுக்கு இருந்தது. அவர் விரல் கம்பியை உருவிக்கொண்டு வந்தது. நூலுக்கு வந்தது. நூலின் மேல் ஏறியது. இறங்கியது. அப்படியே போய்விட்டது. உள்ளங்கையை வாலின் மேல் வைக்கத் தூக்கினார்.

“அய்யா, குடிக்கத் தண்ணி வேணுங்களா?” என்றேன்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. நூல் இருக்கிறது என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வேன்? நடுவில் பேசினால் முதலிலிருந்து தொடங்குவார், இரண்டாம் முறை தட்டுப்பட்டுவிடும் என்று நினைத்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். மூக்குக்குப் போனார். கண்ணை மூடினார். குழாய், போல்ட், பல்சக்கரம், பிளேடு. மறுபடியும் கம்பி. மறுபடியும் நூலின் மேல் ஏறி இறங்கிப் போனது விரல்.

“அய்யா, வெயிலுக்குத் தலையில துண்டு போட்டுக்குங்க.”

“ஏனுங் அம்மிணி,” என்று கமிட்டித் தலைவர் என் மேல் பாய்ந்தார். “நல்ல நேரம் போயிட்டிருக்குது. சித்த வாய மூடிட்டு இருக்க மாட்டீங்களா? பெரியவரு பாத்துட்டிருக்காருல்ல?”

“ஏனுங்க்கா, என்னாச்சு?” என்று கதிரும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். கூட்டத்தில் சிரித்தார்கள். அய்யா மூக்குக்குத் திரும்பிப் போய்விட்டார். மூன்றாம் முறையும் கம்பிக்கு வந்தார். நூலுக்கு வந்தார். நான் பேசவில்லை. என்ன நினைத்தாரோ, நான் பேசாமல் இருந்ததாலோ என்னவோ, அவரே அங்கே நின்றார். கை அங்கேயே இருக்க, கண்ணைத் திறந்து முதலில் என்னைப் பார்த்தார். என் கண் எங்கே போகிறது என்று பார்த்தார். பிறகு குனிந்து தன் கையைப் பார்த்தார்.

அவர் விரல் அந்த மஞ்சள் நூலின் மேல்தான் இருந்தது.

மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. “இது காலையில இல்ல,” என்றார் மெதுவாக.

“இல்லீங்கய்யா. நான் பாக்கறப்ப இல்லீங்க,” என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் தலை மெல்ல நிமிர்ந்தது.

“நீ பாக்கறப்பவா?”

நான் நூலையே பார்த்தேன்.

“எத்தன நாளா பாக்கற தனம்?”

என் முகத்திலேயே அவருக்குப் பதில் கிடைத்திருக்கும். துடைக்கிற துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். துணியை மடித்து மெஷின் பக்கத்தில் வைத்தார். கயிற்றைத் தூக்கிக் குனிந்து கூட்டத்துக்குள் போனார். அவருடைய ஒரு செருப்பு கயிற்றுக்கு இந்தப் பக்கம் கழன்று கிடந்தது. அவருக்குத் தெரியவில்லை. வெறுங்காலோடு கருங்கல் ஜல்லியின் மேல் நடந்து போய்க்கொண்டே இருந்தார். கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

அப்போது கருடன் வந்துவிட்டது. கூட்டம் மொத்தமும் கையைத் தலைக்கு மேல் தூக்கியது. கதிர் என் பக்கத்தில் வந்து, “அக்கா, நூலுதானுங்க? அத்துப் போட்டுப் பறக்க உட்றலாமுங்களா?” என்றார்.

நூலை அறுக்க ஒரு நொடி போதும். ஆனால் சோதனை பாதியில் நின்றுவிட்டது, மூக்கிலிருந்து மறுபடியும் பார்க்க வேண்டும். கை நடுங்கிக்கொண்டிருந்தது எனக்கு. அந்தக் கையால் எதைப் பார்ப்பது?

“இன்னைக்கு வேண்டாம் தம்பி,” என்றேன்.

பூவைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய்க் கோபுரத்தின் மேலிருந்து கையாலேயே தூவினார்கள். உண்மையைச் சொன்னால் அது அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஊருக்கு எங்களை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. ஒரு பொம்பளை குறுக்கே குறுக்கே பேசி ஹெலிகாப்டரைப் பறக்க விடாமல் செய்துவிட்டாள் என்பதுதான் அங்கே இன்றுவரை பேச்சு. விழாத மெஷினுக்கு யார் நன்றி சொல்வார்கள்? நூலை நான்தான் அறுத்தேன். தூக்கிப் போட மனம் வராமல் என் டூல்ஸ் பெட்டியில் போட்டுவைத்தேன்.

திரும்பி வருகிற வழியில் கதிரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். “என்ற கையிலதானுங்க ரிமோட் இருந்துச்சு, இத்தன நாளும்,” என்று மட்டும் சொன்னார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அய்யா பட்டறைக்கு அப்புறம் வரவே இல்லை. போனையும் எடுக்கவில்லை. பங்குனியில் அந்தச் செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆத்தூர் வழியாகக் கெங்கவல்லிக்குப் பஸ் ஏறினேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். பையைப் பார்த்ததும், “அது இனிமே எதுக்கும்மா,” என்று வாங்கி ஓரமாக வைத்தார். ஜல்லியில் கிழித்த காயத்தை அய்யா மூன்று நாள் கழித்துத்தான் பார்த்திருக்கிறார். புரையோடி, அந்தப் பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“அய்யா, தனம் வந்திருக்கேனுங்க.”

திரும்பவில்லை. நான் ஏதேதோ சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். கடைசியில் அழ ஆரம்பித்துவிட்டேன். அதன் பிறகுதான் பேசினார்.

“நூலச் சொல்லாம தண்ணி வேணுமான்னு கேட்டியே, அதுக்கு நான் கோவப்படல. என் மானத்தப் பாத்த. புரியுது.” மூச்சு வாங்கினார். “ஆனா சைலன்சரப் புடிச்சனே, அன்னைக்கே நீ கதிர்கிட்டப் போயிச் சொல்லியிருக்கணும். நான் கால்ல விழுந்திருந்தாலும் சொல்லியிருக்கணும். ஊரார் தலைக்கு மேல பறக்கிறதும்மா அது. அங்க என்ன தயவு தாட்சண்யம்?”

கிளம்பும்போது, “போயிட்டு வாரேனுங்கய்யா,” என்றேன். “உம்,” என்றார். மெஷினிடம் சொல்கிற அந்த வார்த்தையை எனக்குச் சொல்லவில்லை. ஐப்பசி மழைக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். செய்தி எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் ஆறவில்லை.

அவர் இடத்தில் கதிர் என்னை வைத்தார். அவர் செய்த மாதிரியே செய்தேன். மூக்கு, கண் மூடல், வால் வரைக்கும் விரல். நடுவில் பேசினால் மறுபடியும் மூக்கு. ஒன்றே ஒன்றுதான் நானாகச் சேர்த்துக்கொண்டது. தினமும் காலையில் மெஷினைத் தொடுவதற்கு முன், பெட்டியிலிருந்து அந்த மஞ்சள் நூலை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மேசை மேல் போடுவேன். பிறகு விரலால் தேடுவேன். தட்டுப்பட்டால்தான் மெஷினிடம் போவேன். பட்டறைப் பிள்ளைகள் இதை ஏதோ சகுனம் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது நாலு காற்றாடி வைத்த சின்ன டிரோன்கள் நிறைய வந்துவிட்டன, எல்லாம் சரி என்று போனிலேயே பச்சை விளக்குக் காட்டுகிறது. அதையும் நான் விரலால் ஒருமுறை தடவிப் பார்க்காமல் அனுப்பியதில்லை. ரொம்பத்தான் அலட்டுகிறேன் என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சிரித்ததும் எனக்குத் தெரியும்.

எனக்கும் சர்க்கரை வந்தது. எங்கள் பக்கம் அது எட்டிப் பார்க்காத வீடு குறைவு. மாத்திரை போட்டேன், நடந்தேன், சோற்றைக் குறைத்தேன். கொலுசுப் பட்டறைப் புகையிலிருந்தே தப்பித்தவள், இதிலிருந்தா தப்பிக்க மாட்டேன் என்று ஒரு திமிர்.

போன ஆவணியில் ஒரு காலை. ஓமலூரில் கல்யாணம், வண்டியில் பூக்கூடையெல்லாம் ஏற்றியாகிவிட்டது. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி, நூலைப் போட்டேன். தேடினேன். மேசை முழுக்கத் தேடினேன். கீழே விழுந்துவிட்டது என்று நினைத்தேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ரொம்ப ஆசையாக நினைத்தேன். கண்ணைத் திறந்தேன்.

என் விரல் நூலின் மேல்தான் இருந்தது.

யாரும் கவனிக்கவில்லை. இன்னொரு முறை போட்டிருந்தால் ஒருவேளை தட்டுப்பட்டிருக்கும். நான் போடவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன். கதிர் வண்டிச் சாவியோடு நின்றுகொண்டிருந்தார்.

“இன்னைக்கு வேண்டாம் தம்பி,” என்றேன்.

“ஏனுங்க்கா? மெஷினுல என்னாச்சு?”

“மெஷினுல ஒண்ணுமில்ல சாமி,” என்றேன்.